மிஞ்சின பிளாஸ்டிசால்: அச்சுத் தண்டா, கிழிந்த ரப்பர் மீனா?

எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் வீசினால், இரையாக மாட்டும் போலி ரப்பர் மீன் நிறையக் காலியாகும். கல்லிடுக்கு பாதியை வாங்கிக்கொள்ளும், பேத்தை கடித்தால் வால் போச்சு. பிளாஸ்டிசாலை, அதாவது சூடாக்கி ஆறவைத்தால் ரப்பர் போல ஆகும் பிவிசி குழம்பை, அச்சில் ஊற்றி வீட்டிலேயே மீன் வார்ப்பவர்களிடம் இரண்டு வகை மிச்சம் சேரும்: அச்சு வாயில் நிற்கும் தண்டு, கிழிந்து திரும்பிய மீன். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் நல்ல தண்டும் கெட்டுவிடும்.

தண்டுதான் நம்பிக்கையான சரக்கு. ஒரே தடவை சூடு பட்டது, ஈரம் இல்லை, என்ன கலந்தோம் என்பதும் தெரியும். சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி, கைப்பிடி வைத்த கெட்டிக் கண்ணாடிக் கோப்பையில் மைக்ரோவேவில் ஒரு நிமிடம், கிளறி, பிறகு இருபது இருபது விநாடியாக. 165 முதல் 175 டிகிரி செல்சியஸில் எண்ணெய் போல ஓடும், அப்போதே ஊற்றிவிட வேண்டும். 190-ஐத் தாண்டினால் மஞ்சளிக்கும், மூக்கைக் குத்தும் புகை வரும். அது ஹைட்ரஜன் குளோரைடு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஒவ்வொரு உருக்கலிலும் மென்மை தரும் எண்ணெய் கொஞ்சம் ஆவியாவதால் மீன் விறைக்கும், ரீலை மெதுவாகச் சுற்றும்போது வால் ஆடாது. 100 மில்லிக்கு 5 மில்லி சாஃப்ட்னர் (அந்த மென்மை எண்ணெய்), 2 மில்லி ஹீட் ஸ்டெபிலைசர் (சூட்டில் கருகாமல் காக்கும் திரவம்) என்று தொடங்கி, ஒரு சொட்டைத் தட்டில் ஆறவைத்து அழுத்திப் பார்த்துக் கூட்டலாம்.

கிழிந்த மீனில் முதல் எதிரி தண்ணீர். ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) நுழைந்த துளைக்குள் உப்புத் தண்ணீர் தங்கியிருக்கும். 165 டிகிரி குழம்புக்குள் அது நீராவியாகி வெடித்தால் கையில் தெறிக்கும், ஒட்டிக்கொண்டு வேகும். நல்ல தண்ணீரில் அலசி, துளை திறக்கும்படி நீளவாக்கில் பிளந்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவையுங்கள். மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள். உடைந்த தூண்டில் முள் உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் மைக்ரோவேவில் பொறி பறக்கும். கடையில் வாங்கிய மீனில் உப்பு சேர்த்திருந்தால் அது அடியில் படிந்து, குழம்பை அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்டரை அடைக்கும். பல மடங்கு இழுத்தும் அறாமல் நீள்வது டிபிஇ என்ற வேறு வகை பிளாஸ்டிக். அது பிளாஸ்டிசாலோடு சேராது, ஒதுக்கிவிடுங்கள். நிறங்கள் கலந்தால் சேற்றுப் பழுப்புதான் வரும். கறுப்புச் சாயம் சேர்த்துக் கறுப்பாக்குவதே வழி.

ஆகவே மெல்லிய வால் உள்ள ஷேட் வகை ரப்பர் மீனுக்குத் தண்டு மட்டும். கிழிந்த சரக்கைத் தடித்த உடம்புள்ள புழு வார்க்க வைத்துக்கொண்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையோரக் கற்களில் வீசுங்கள். மாட்டி அறுந்தாலும் வயிறு எரியாது. புதுசோடு கலப்பதானால் பழையது கால் பங்குக்கு மேல் வேண்டாம். பழையதையும் புதுசையும் தனித்தனியாக உருக்கிச் சேருங்கள். சேர்த்துப் போட்டால் கட்டி கரைவதற்குள் மற்றது கருகும்.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் சமையலறையில் இதைச் செய்யவே கூடாது. வெயில் நாளில் மொட்டை மாடி, காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், ஆசிட் வாயு கார்ட்ரிட்ஜ் மாஸ்க், தடித்த கையுறை. கேஸ் அடுப்பு வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். அந்த மைக்ரோவேவில் பிறகு ஒரு நாளும் சோறு சூடு பண்ணக் கூடாது. ஆறின மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்து, உருக்கிய ஒவ்வொரு தடவைக்கும் மூடிமேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்ததை மறுபடி உருக்காமல் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள், கழிமுகத்தில் மட்டும் போடாதீர்கள்.