கருங்கல் கடைக்கால், பில்லர், பைல்: எந்த மண்ணுக்கு எது?

தமிழ்நாட்டில் இன்று சொந்த வீடு கட்டத் தொடங்குபவரிடம், மனையின் மண்ணைப் பார்ப்பதற்கு முன்பே "பில்லர் போட்டுவிடலாம்" என்று சொல்லிவிடும் மேஸ்திரிகளே அதிகம். கருங்கல் கடைக்கால் பழைய காலத்து வழக்கம் என்றும், தூணுக்கு அடியில் கம்பி கட்டிய ஃபுட்டிங் (தூணின் பாரத்தை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பாதம்) இருந்தால் எந்த மண்ணிலும் வீடு நிற்கும் என்றும் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இந்த நம்பிக்கையால் செம்மண் பூமியில் வீண்செலவு வருகிறது. கரிசல் பூமியிலோ அதே செலவைச் செய்த பிறகும் சுவர் வெடிக்கிறது.

கருங்கல் கடைக்கால் போட்ட வீட்டில் சுவர்களே பாரம் தாங்குகின்றன. அந்தப் பாரம் சுவரின் நீளம் முழுவதும் பரவி, வாணத்தின், அதாவது கடைக்காலுக்குத் தோண்டிய பள்ளத்தின், அடிமண்ணுக்கு இறங்குகிறது. பில்லர் வீட்டில் சுவர் வெறும் தடுப்புதான். தளத்தின் பாரம் பீம் வழியாகத் தூணுக்கும், தூண் வழியாக ஃபுட்டிங்குக்கும் சென்று, சில இடங்களில் மட்டும் குவிகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் உள்ளதுபோல மூன்று, நான்கு அடியிலேயே கெட்டியான செம்மண்ணோ செம்புறாங்கல்லோ கிடைக்கும் மனையில், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குக் கருங்கல்லே போதும் என்பது என் கருத்து. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 கேட்கும் குறைந்தபட்ச ஆழமே இயற்கைத் தரைமட்டத்திலிருந்து 50 செ.மீ. தான். கம்பிச் செலவு பெரிதும் குறைவதால் மிச்சமாகும் தொகையும் சிறியதல்ல.

ஆனால் கருங்கல் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு முகத்திலும் கல்லை அடுக்கிவிட்டு, நடுவில் உள்ள இடைவெளியில் கலவையே இல்லாமல் சில்லுக் கற்களைக் கொட்டி, மேலே மட்டும் கலவையை இழுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிக் கட்டினால் அது ஒரு சுவராக இயங்காது, ஒட்டாத இரண்டு மெல்லிய சுவர்களாகவே நிற்கும். ஐந்து, ஆறு அடிக்கு ஒரு நீளக் கல்லாவது இரு முகங்களையும் குறுக்கே இணைக்க வேண்டும். மேலே சுவர்களைச் சுற்றிலும் கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட்டும் கட்டாயம் தேவை; 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்கத் தரநிலை சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது என்பதை மறந்துவிடக் கூடாது.

கீழே கார் நிறுத்துமிடம் வேண்டும், மூன்று தளங்கள் எழுப்ப வேண்டும், மாடியில் அறைகளின் அமைப்பு கீழ்த்தளத்திலிருந்து மாற வேண்டும் என்றால் பில்லரைத் தவிர வேறு வழியில்லை. அங்கேயும் "எல்லா ஃபுட்டிங்கும் 5-க்கு 5 அடி" என்ற வாய்மொழிக் கணக்கு ஆபத்தானது. ஒரு தூணில் 30 டன் பாரம் இறங்குவதாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் மண்ணில் 2 சதுர மீட்டர் ஃபுட்டிங் போதும். 10 டன் மட்டுமே தாங்கும் மண்ணில் 3 சதுர மீட்டர் வேண்டும். 5-க்கு 5 அடி என்பது ஏறத்தாழ 2.3 சதுர மீட்டர். ஃபுட்டிங்கின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே முதல் மண்ணில் அது சரியாகிறது, இரண்டாவதில் தவறுகிறது.

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர் வட்டாரக் கரிசலில் கணக்கே வேறு. அந்த மண்ணில் உள்ள களிமக் கனிமங்கள் மழையில் நீரை உறிஞ்சி உப்புகின்றன, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கின்றன. மண் பரிசோதனைக் கூடத்தில் இதை எளிதாகக் காட்டிவிடுவார்கள்: இரண்டு அளவுக் குவளைகளில் சலித்து உலர்த்திய மண்ணைப் பத்துப் பத்து கிராம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைத்தால், மண்ணெண்ணெயில் மண் அப்படியே கிடக்க, தண்ணீரில் அது மேலெழுந்து நிற்கும். ஐந்தடி ஆழத்து ஃபுட்டிங் இப்படி ஏறி இறங்கும் அடுக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் மூலைகளில் சாய்வாகக் கிளம்பும் விரிசல்கள் பருவத்துக்கு ஏற்ப அகன்றும் ஒடுங்கியும் காண்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கென்று ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறைதான் அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூண். பைலின் தண்டு 30 செ.மீ. விட்டம் என்றால், அடியில் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 75 செ.மீ. விட்டத்துக்குக் குடைந்து குமிழ் உருவாக்கிக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் இடுகிறார்கள். ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். ஈரம் அதிகம் மாறாத அந்த ஆழத்தில் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. கைத்துளைப்பான் கொண்டே இரண்டு, மூன்று ஆட்கள் இதைச் செய்துவிடலாம் என்பதால், ஆழக் குழி வெட்டி மண்ணை மாற்றி ஃபுட்டிங் போடுவதைவிடக் கரிசலில் இது பெரும்பாலும் சிக்கனமானது. பைல்களை இணைக்கும் கிரேடு பீமுக்கும் தரைக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பீமைத் தரையிலேயே வார்த்துவிட்டால், மழைக்காலத்தில் உப்பும் மண் அதை நேரடியாகத் தூக்கும்; பைலுக்குக் கொடுத்த பணம் வீண்.

ராஃப்ட் என்னும் முழுப்பரப்புத் தளம் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இளகிய களிமண் பகுதிகளுக்குரியது. ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று முட்டும் அளவுக்குப் பெரிதாகும்போதுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்; சிறிய வீட்டுக்கு அதன் கம்பிச் செலவு கட்டுப்படியாவது அரிது.

வயலையோ பள்ளத்தையோ நிரப்பிப் பிரித்த மனைகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கொட்டிய மண்ணை அடித்தளத்துக்கான ஆழமாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. அதைத் தாண்டி இயற்கை மண்ணில்தான் அடித்தளம் அமர வேண்டும். ஆறடி நிரப்பிய மனையில் எல்லாச் சுவருக்கும் அவ்வளவு ஆழம் கல் கட்டுவதைவிட, தூண் உள்ள இடங்களில் மட்டும் குழி இறக்குவது மலிவு என்பதால், அடியில் இருப்பது நல்ல செம்மண்ணே ஆனாலும் அங்கே பில்லரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.