என்னோடு இருக்கும் ஒரு நோட்டு: சிங்கப்பூரில் அன்றாட ஆங்கிலம் படித்த கதை

2022 நடுவில், ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூரின் ஈசூன் பகுதிக்கு வந்தேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி, அப்புறம் பி.காம். கல்லூரியில் பரீட்சையெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசியது கிடையாது. வந்ததிலிருந்து ஒரு கைப்பேசிச் செயலி, ஒரு வகுப்பு, கூகுள் டிரான்ஸ்லேட், நூலகப் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது நானே எழுதிய ஒரு நோட்டு. புதிதாக வருகிறவர்கள் எதில் ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் என் அனுபவத்தை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் செயலி. பதினான்கு மாதம், தினமும் மகள் தூங்கிய பிறகு கால் மணி நேரம், ஒரு நாள்கூட விடவில்லை. இறந்தகாலம், எதிர்காலம் குழம்பாமல் வருவதற்கு அது உதவியது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதில் வந்த சொற்கள் அருங்காட்சியகம், பட்டாம்பூச்சி, விமான நிலையம், பனிக்காலம். இங்கே எனக்குத் தேவைப்பட்டது வரிசை எண், மருந்துச் சீட்டு, அடைத்துக்கொண்ட சிங்க். இன்னொன்று, செயலி நமக்காகக் காத்திருக்கும். யோசித்து, திரும்பக் கேட்டு, மெதுவாகப் பதில் சொல்லலாம். கடையில் நமக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது அந்த வசதி இல்லை.

எனக்கு இது உறைத்த இடம் பேரங்காடியின் பணம் கட்டும் இடம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்னால் கேட்காமலே பையில் போட்டுக் கொடுப்பார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். திடீரென்று ஒரு புதுக் கேள்வி. எனக்கு அது “நீபா?” என்று ஒரே சொல்லாகக் காதில் விழுந்தது. நான் விழித்தேன், அந்த அம்மா மறுபடி கேட்டார், மறுபடியும் “நீபா?” தான். “நீட் பேக்?” என்பதுதான் அது. இரண்டும் எனக்கு யூகேஜியிலிருந்து தெரிந்த சொற்கள். தெரிந்த சொல்லே காதில் ஏறவில்லை என்றால் புதிதாகச் சொல் சேர்த்து என்ன பயன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். ஓர் இடத்துக்கு விரித்த இரண்டு பக்கம். இடது பக்கம் அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியவை, வலது பக்கம் அவர்கள் என்னிடம் கேட்கக்கூடியவை. வலது பக்கத்தை ஆங்கில எழுத்தில் எழுதவில்லை, என் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே தமிழில் எழுதினேன். “நீபா” என்று எழுதி அதற்குக் கீழே பை வேண்டுமா என்று பொருள். இதுதான் முழு முறையும். இடது பக்கத்தைப் படிக்க எத்தனையோ வழி இருக்கிறது, எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்லித் தருகிறது. வலது பக்கத்தை யாரும் தருவதில்லை, நாமே போய், நின்று, கேட்டு, எழுதிக்கொண்டு வர வேண்டும். என் வீட்டுக்காரர் முதலில் இதெல்லாம் எதற்கு, பேசப் பேச வந்துவிடும் என்றார். அவர் கப்பல் பட்டறையில் பத்து வருடம் பேசிப் பழகியவர். வீட்டில் பிள்ளையோடு இருக்கிற எனக்கு ஒரு நாளைக்குப் பேசக் கிடைப்பதே மூன்று நான்கு பேச்சுதான், அதை வீணாக்க முடியாது.

நோட்டில் அதிகம் கிழிந்துபோன பக்கம் கிளினிக் பக்கம். மகளுக்குக் காய்ச்சல் 39.2. அது நோட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால், வந்த முதல் வருடம். போகும் வழியெல்லாம் ஃபீவர், காஃப், டூ டேஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பதிவு செய்கிற பெண் கேட்ட முதல் கேள்வி “எனி டிரக் அலர்ஜி?” டிரக் என்றால் எனக்குத் தெரிந்தது போதைப்பொருள் மட்டும்தான், அதுவும் இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். நோ, நோ என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அதையே டாக்டரும் கேட்டார், மருந்து கொடுக்கிறவரும் கேட்டார். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பதுதான் கேள்வி. என் பதில் தற்செயலாகச் சரியாக இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்றைக்கு ராத்திரி சளி மருந்து கொடுத்தேன். பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கியது, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்கவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் எழுதியிருந்த சொல் டிரௌசினெஸ். தூக்கக் கலக்கம் வரும் என்று பாட்டிலே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் படித்தும் புரியவில்லை. கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள், எல்லாம் சீட்டில் அச்சடித்து வரும். அதனால் அந்தச் சீட்டில் வருகிற சொற்களை முதல் வேலையாகப் படித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், தேவைப்பட்டால் மட்டும், குலுக்கிவிட்டுக் கொடுக்கவும், முழுவதும் முடிக்கவும் (ஆன்டிபயாட்டிக்கில் இது இருக்கும், காய்ச்சல் விட்டதும் நிறுத்தக்கூடாது). பத்துப் பன்னிரண்டு சொல்தான். சளிக்கு ஃபிளெம், மூக்கு ஒழுகினால் ரன்னி நோஸ், தலை சுற்றினால் கிடி. வலது பக்கத்தில் “சின்ஸ் வென்?”, “ஹவ் மெனி டேஸ்?”, “ஈட்டிங் ஓகே?”, “நீட் எம்சி?” எம்சி என்பது வேலைக்கோ பள்ளிக்கோ கொடுக்கும் மருத்துவச் சான்று. இங்கே யாரும் அதை நீட்டி முழுப்பெயர் சொல்லமாட்டார்கள்.

அடுத்ததாக நான் சொல்ல வருவதை எந்தச் செயலியும் சொல்லித் தராது, ஏனென்றால் இது நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள சிக்கல். நம் தமிழுக்குள்ளேயே ஏகப்பட்ட ஆங்கிலச் சொல் இருக்கிறது, அதெல்லாம் ஆங்கிலம்தானே என்று தைரியமாக எடுத்துவிடுவோம், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஊரில் ஃபேன் ரிப்பேர் என்றால் ஓடவில்லை என்று பொருள். இங்கே வீட்டு முகவரிடம் “ஃபேன் ரிப்பேர்” என்று சொன்னேன், சரி செய்தாகிவிட்டது என்று நினைத்து அவர் “ஓகே, குட்” என்று வைத்துவிட்டார். நாலு நாள் புழுக்கத்தில் கிடந்தோம். இங்கே அதற்குச் சொல் “ஸ்பாயில்”. ஃபேன் ஸ்பாயில், ஏர்கான் ஸ்பாயில், லிஃப்ட் ஸ்பாயில், எல்லாவற்றுக்கும் அதுதான்.

இப்படி நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தனிப் பட்டியலே வளர்ந்தது. நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், இங்கே தங்குகிற இடம் மட்டும். தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) இறங்கி, பசியாற நல்ல ஹோட்டல் எங்கே என்று ஒரு சீனப் பாட்டியிடம் கேட்டால் அவர் பெட்டியோடு தங்குகிற இடத்துக்குத்தான் வழி காட்டுவார். கவர் என்றால் பை என்று புரியாது. ஜெராக்ஸ் என்றால் சிலருக்குப் புரியும், ஃபோட்டோகாப்பி என்றால் எல்லாருக்கும் புரியும். டோக்கனுக்கு கியூ நம்பர். செல்லுக்கு ஹேண்ட்ஃபோன். பஸ் ஸ்டாண்டுக்கு இன்டர்சேஞ்ச். வயிற்றுப்போக்குக்கு லூஸ் மோஷன் என்று டாக்டரிடம் சொன்னால் இந்திய டாக்டர் என்றால் பிழைத்தோம், மற்றவர்களிடம் டயரியா என்று சொல்வது நல்லது. ஷுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று மாமியார் வந்தபோது சொன்னதை டயபடீஸ், ஹை பிளட் பிரஷர் என்று நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

மாடிக் கணக்கும் அப்படித்தான். நமக்குத் தரைத்தளம், அதற்கு மேலே ஃபஸ்ட் ஃப்ளோர். இங்கே தரையே லெவல் ஒன். ஒரு முறை செகண்ட் ஃப்ளோர் என்று சொன்னார்கள், நான் நம் கணக்கில் இரண்டு மாடி ஏறி லெவல் த்ரீயில் போய் உட்கார்ந்துவிட்டேன், என் எண்ணைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

எண்ணும் எழுத்தும் சொல்லப் பழகுவதற்கு நான் கொடுத்த நேரம் கொஞ்சம்தான், கிடைத்த பலன் ரொம்ப அதிகம். தொலைபேசி எண் இங்கே எட்டு இலக்கம், நாலு நாலாகப் பிரித்துச் சொல்வார்கள், நாமும் அப்படியே சொன்னால் திருப்பிக் கேட்கமாட்டார்கள். வீட்டு எண்ணை ஹேஷ், மாடி, டேஷ், கதவு எண் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். என் பெயரில் வி, எம், என் மூன்று எழுத்தும் வருவதால் தொலைபேசியில் எப்போதும் தப்பாகவே எழுதிக்கொள்வார்கள். வி ஃபார் விக்டர், எம் ஃபார் மதர், என் ஃபார் நவம்பர் என்று பழகிய பிறகு தொல்லை விட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் 995 என்றும் (ஆம்புலன்ஸ், தீயணைப்பு), 999 என்றும் (போலீஸ்) பெரிதாக எழுதி, அதற்குக் கீழே என் முகவரியைத் தமிழ் எழுத்தில், வாயால் சொல்ல வேண்டிய வரிசையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது.

பேருந்து நிறுத்தப் பெயர்களில் வரும் ஆப், பெஃப், ஆஃப்ட் என்ற சுருக்கங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே, முன்னால், தாண்டி என்று பொருள். நான் ஆறு மாதம் அவற்றை இடத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

கோப்பிக்கடைப் பக்கத்தில் ஆங்கிலம் பாதிகூட இல்லை, ஆனாலும் அது அன்றாடப் பேச்சில் கட்டாயம் வேண்டும். கோப்பி என்றால் இனிப்பான டின் கெட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) ஊற்றிய காப்பி. கோப்பி ஓ பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. கோப்பி சி என்றால் சுண்டக் காய்ச்சிய டின் பால். கொசோங் சேர்த்தால் சர்க்கரை இல்லை, சியூ தாய் என்றால் இனிப்புக் குறைவு, பெங் என்றால் ஐஸ் போட்டது. தே என்று தொடங்கினால் எல்லாம் தேநீருக்கும் அதே கணக்கு. என் மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்காக முதல் தடவை “அங்கிள், தே சி கொசோங் ஒன்” என்று நானே கேட்டு வாங்கிக் கொடுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. “ஹேவிங் ஹியர்?” என்று கேட்டால் இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று பொருள். டாபாவ் என்றால் நம்முடைய பார்சல்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. வகுப்பு வாரம் ஒரு நாள், ஆசிரியை அருமையானவர், ஆனால் இருபது பேருக்கு நடுவில் எனக்கு வாய் திறக்கக் கிடைத்தது ஐந்து நிமிடம். தோழிகள் கிடைத்தார்கள், அதற்காகவே போகலாம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவைக் காட்டினால் வீட்டுக்கு வரும் கடிதங்கள் புரியும், அதற்கு நான் இன்றும் பயன்படுத்துகிறேன், பேச்சுக்கு அது சரிப்படவில்லை. ஈசூன் நூலகத்துச் சிறு பிள்ளைகள் புத்தகங்களை யாரும் இளப்பமாக நினைக்காதீர்கள். ஊற்று, துடை, மடி, கிழி, தேய், பிழி போன்ற வீட்டு வேலைச் சொல்லெல்லாம் படத்தோடு அங்கேதான் கிடைத்தது, மகளுக்குப் படித்துக் காட்டியபடியே நானும் படித்தேன்.

பேசிப் பழக ஆள் வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்தவர் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் பெரியவரான பெண்ணை அத்தை என்பதுபோல் அழைக்கும் சொல்). மலாய்க்காரர், அறுபது தாண்டியவர், அவருடைய ஆங்கிலமும் சின்னச் சின்ன வாக்கியம்தான், அதனாலேயே எனக்குப் பயம் போனது. சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டபோது “சிங்க் சோக்” என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் பிளாக், ஸ்டக் என்று ஏதேதோ தேடிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் “ஹலோ, மை கிச்சன் சிங்க் சோக், வாட்டர் கேனாட் கோ டவுன்” என்றேன், மறுபக்கம் ஒரே தடவையில் புரிந்துகொண்டு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்கள். இலக்கணம் சரியில்லை என்று எனக்கும் தெரியும். அலுவலக வேலைக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் முழு வாக்கியமாகவும் பழகிக்கொள்ள வேண்டும், நானும் இப்போது அதில்தான் இறங்கியிருக்கிறேன். ஆனால் தண்ணீர் வெளியே வழிகிற நேரத்தில் அந்த ஒன்பது சொல் போதுமானதாக இருந்தது.

நோட்டு இப்போது மூன்றாவது. பழைய இரண்டில் உள்ள கிளினிக் பக்கத்தையும் முகவரிப் பக்கத்தையும் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஃபோட்டோகாப்பி எடுத்துக் கொடுத்துவிடுவேன். மகள் பாலர் பள்ளிக்குப் போவதால் இப்போது நிரம்புகிற பக்கம் அதுதான். கன்சென்ட் ஃபார்ம் என்றால் சம்மதக் கையெழுத்து, ஸ்பேர் குளோத்ஸ் என்றால் மாற்றுத்துணி, எச்எஃப்எம்டி என்றால் கை, கால், வாயில் கொப்புளம் வரும் தொற்றுநோய், அது வந்தால் பிள்ளையை அனுப்பக்கூடாது. நேற்று ஆசிரியை அனுப்பிய செய்தியில் வெள்ளிக்கிழமை ஷோ அண்ட் டெல் என்று இருந்தது. மக்சிக்கிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, மகளே சொன்னாள்: வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டி, அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். அவள் தேங்காய்த் துருவியை எடுத்துப்போவதாக இருக்கிறாள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம், இடது பக்கம் முடிந்தது, மற்ற பிள்ளைகள் என்னென்ன கேட்பார்கள் என்று அவளே வலது பக்கத்துக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.