அலாஸ்காவில் டால் ஆட்டு வேட்டை: பூங்காவா, ப்ரிசர்வா?

டால் ஆடு என்பது வெள்ளை நிறக் காட்டுச் செம்மறி. அதை வேட்டையாடும் இடங்களில் ஒன்று, அலாஸ்காவின் ரேங்கல்-செயின்ட் இலையாஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி. ஒரே பெயர்தான். ஆனால் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேசியப் பூங்கா, ப்ரிசர்வ் (பொது வேட்டைக்கும் இடம் தரும் பாதுகாப்புப் பகுதி) என்று இரண்டாகப் பிரித்தது. எல்லைக்கோட்டை வரைபடத்தில் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

யாருக்கு அனுமதி?
பூங்கா: தகுதியுள்ள உள்ளூர்க் கிராமப்புற மக்களுக்கு மட்டும், வாழ்வாதார வேட்டையாக.
ப்ரிசர்வ்: மாநில உரிமம் உள்ள வெளியாட்களுக்கும் உண்டு.

போவது எப்படி?
பூங்கா: வாழ்வாதார வேட்டைக்கு விமானத்தில் போய் இறங்கக் கூடாது.
ப்ரிசர்வ்: சிறு விமானத்தில் இறங்கலாம். ஆனால் பறந்த அன்றே சுட முடியாது. மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும். மேலிருந்து ஆட்டைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிச் சுடுவதைத் தடுக்கும் இந்த விதி மிகவும் நியாயமானது.

செலவு ப்ரிசர்வில்தான் எகிறும். வெளிமாநிலத்தவர் உரிமத்தோடு ஆட்டுக்கான டேக்கும் (வேட்டையாடிய விலங்கில் மாட்டும் அடையாள வில்லை) வாங்க வேண்டும். அப்புறம் பதிவுபெற்ற வழிகாட்டி, அல்லது அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினர் கூடவே வர வேண்டும். வழிகாட்டிக்குத்தான் பெரும்பணம் போகும்.

மாநிலப் பொது விதிப்படி கிடாவின் கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும். அல்லது இரு கொம்பு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வயது 8 ஆகியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.

அங்கேயே வாழ்ந்து இறைச்சிக்காக வேட்டையாடுபவருக்குப் பூங்கா. வெளியிலிருந்து வருபவருக்கு ப்ரிசர்வ் மட்டுமே வழி.