பீப்பாய்க்குள் ஓர் எழுத்தாளர் அறை: 'பிரேக்கிங் பேட்' முழுத்தொகுப்பு புளூ-ரே

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2013 செப்டம்பர் 29 அன்று முடிவடைந்து இரண்டு மாதம் ஆவதற்குள் சோனி நிறுவனம் வெளியிட்ட முழுத்தொகுப்பு, கறுப்பு நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பீப்பாயாக வந்தது. ஐந்து சீசன்களின் 62 எபிசோடுகளும் அடங்கிய வட்டுகள், 'லோஸ் போயோஸ் எர்மானோஸ்' கோழிக்கறிக் கடையின் சின்னம் பொறித்த ஒரு சமையல் மேலங்கி, ஒரு நினைவு நாணயம், தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் கடிதத்துடன் கூடிய 16 பக்கக் கையேடு ஆகியவை அதற்குள் இருக்கின்றன. போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியரான கதாநாயகன் வால்ட்டர் ஒயிட் தன் பணத்தையெல்லாம் இத்தகைய பீப்பாய்களில் அடைத்துப் பாலைவனத்தில் புதைக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவத்தின் குறும்பு பிடிபடும். ஆனால் இதைப் புத்தக அலமாரியில் வைக்க இயலாது. எங்கே வைத்தாலும், வீட்டுக்கு வருபவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நான் பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். மேலங்கியை இதுவரை பிரிக்கவே இல்லை.

தொடரை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு நெட்ஃபிளிக்ஸ் போதும். இந்தத் தொகுப்பின் மதிப்பு, வட்டுகளில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ள, எபிசோடு ஓடும்போதே அதை உருவாக்கியவர்கள் பேசும் கமெண்டரிகளிலும் படப்பிடிப்புக் குறிப்புகளிலும் இறுதி சீசனின் ஆக்கத்தைப் பதிவு செய்யும் இரண்டு மணி நேர ஆவணப்படத்திலும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் எழுத்தாளர் எப்படி வேலைக்குச் சேர்கிறார், எப்படிப் படிப்படியாக உயர்கிறார், எப்படித் தயாரிப்பாளராகி ஒரு நாள் தனக்கென ஒரு தொடரைப் பெறுகிறார் என்ற வரலாற்றை இவ்வளவு நெருக்கத்தில் தரும் வட்டுத் தொகுப்பு வேறொன்றை நான் பார்த்ததில்லை. விற்பனைக்கான விளம்பர வாசகங்களில் இதைப் பற்றி எதுவும் இராது. நடிகர்களின் முகங்களும் மேலங்கியுமே அங்கே முன்னிறுத்தப்படுகின்றன.

கமெண்டரிகளைக் கேட்பதற்கு முன் கில்லிகனின் பாதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வர்ஜீனியா மாநிலத்துக்காரரான அவர், அந்த மாநில ஆளுநரின் பெயரால் நடத்தப்பட்ட திரைக்கதைப் போட்டியில் 1989இல் வென்றார். நடுவர்களில் ஒருவராக இருந்தவர் மார்க் ஜான்சன். 'ரெயின் மேன்' படத்தின் தயாரிப்பாளரான அவரே பிற்பாடு 'பிரேக்கிங் பேட்' தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். கில்லிகன் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் ரசிகராக இருந்து, வெளியிலிருந்து எழுதிக் கொடுத்த ஒரு கதை 1995இல் அதன் இரண்டாம் சீசனில் எபிசோடாக வந்தது. அதன் பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ 30 எபிசோடுகளைத் தனியாகவும் கூட்டாகவும் எழுதி, நிர்வாகத் தயாரிப்பாளர் பட்டம் வரை உயர்ந்தார். 1998இல் அவர் எழுதிய 'டிரைவ்' என்ற எபிசோடில் நடித்தவர் பிரையன் கிரான்ஸ்டன். ஒரு நகைச்சுவைத் தொடரின் அப்பா என்று மட்டுமே கிரான்ஸ்டனை அறிந்திருந்த, 'பிரேக்கிங் பேட்' தொடரை ஒளிபரப்பிய ஏ.எம்.சி. தொலைக்காட்சி நிறுவனத்தின் அதிகாரிகள், வால்ட்டர் வேடத்துக்கு அவர் பொருந்துவாரா என்று தயங்கியபோது, சில ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எபிசோடைப் போட்டுக் காட்டித்தான் கில்லிகன் அவர்களை இணங்க வைத்தார்.

அவரது வாழ்வில் வேலையில்லாத காலமும் உண்டு. 2001இல் அவர் கூட்டாக உருவாக்கிய 'லோன் கன்மென்' தொடர் 13 எபிசோடுகளோடு நிறுத்தப்பட்டது. 2002இல் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' முடிந்தது. அந்த வறண்ட நாட்களில், கல்லூரித் தோழரும் சக எழுத்தாளருமான தாமஸ் ஷ்னாஸுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, இனி என்ன செய்து பிழைப்பது என்ற பேச்சில், ஒரு வண்டிக்குப் பின்னால் போதைப்பொருள் காய்ச்சலாமே என்று வேடிக்கையாக எழுந்த யோசனைதான் 'பிரேக்கிங் பேட்' தொடரின் விதை. எஃப்.எக்ஸ். தொலைக்காட்சி நிறுவனம் அதை வாங்கி வைத்துப் பின் கைவிட்டது, எச்.பி.ஓ.வில் ஆர்வமே காட்டவில்லை. பழைய திரைப்படங்களை ஒளிபரப்பிக்கொண்டிருந்த ஏ.எம்.சி., சொந்தத் தொடர்களில் அப்போதுதான் கால் வைத்திருந்த நேரம் என்பதால் அங்கே இடம் கிடைத்தது. முதல் எபிசோடை கில்லிகனே இயக்கினார். அந்த எபிசோடுக்கான கமெண்டரியில் நடிகர்களும் உடன் இருப்பதால் சிரிப்பும் கேலியும் மிகுந்திருக்கும். தொழில் கற்க விரும்புபவர் பின்னால் வரும் சீசன்களிலிருந்து தொடங்குவது மேல்.

பின்வரும் சீசன்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்தந்த எபிசோடை எழுதியவர்கள், இயக்கியவர்கள், தொகுத்தவர்கள். அவர்கள் விவரிக்கும் 'எழுத்தாளர் அறை' இதுதான்: கலிபோர்னியாவின் பர்பாங்கில் ஒரு சாதாரண அலுவலகத்தில் எழுத்தாளர்கள் ஆறேழு பேர் நாள் முழுதும் உட்கார்ந்து பேசுகிறார்கள். சுவரில் தக்கைப் பலகை. அதில் பெயர்ப் பட்டியலுக்கு முன் வரும் தொடக்கக் காட்சிக்கு ஒரு பத்தி, நான்கு அங்கங்களுக்கு நான்கு பத்திகள். காட்சி முடிவானால் மட்டுமே அதை ஓர் அட்டையில் தடித்த பேனாவால் எழுதிக் குத்துகிறார்கள். ஓர் எபிசோடின் பலகை நிறைய வாரக்கணக்கில் ஆகும். அட்டையைக் குத்திவிட்டால் அதை எடுப்பது கடினம் என்பதால், இந்தக் கணத்தில் வால்ட்டரின் மனம் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்த பிறகே பேனாவை எடுக்கிறார்கள். பலகை நிறைந்ததும் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தனியே போய் எழுதுகிறார். திரையில் வருவது அவர் பெயர் மட்டுமே என்றாலும், அதில் அறையிலுள்ள எல்லோருடைய மூளையும் இருக்கிறது.

இந்த முறையில் எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்தாம் சீசனின் தொடக்கக் காட்சியில் வால்ட்டர் ஓர் இயந்திரத் துப்பாக்கியை வாங்குவதாக எழுதியபோது, அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுதியவர்களுக்கே தெரியாது; 2012 ஜூலையில் ஒளிபரப்பான அந்தக் காட்சிக்கு விடை கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம் அடுத்த ஆண்டு முழுதும் அவர்கள் தலைமேல் தொங்கியது. மைக் என்ற பாத்திரம் பிறந்ததே, சால் குட்மேன் என்ற வழக்கறிஞராக நடித்த பாப் ஓடன்கிர்க்குக்கு அந்த வாரம் வேறு படப்பிடிப்பு இருந்ததால்தான். மூன்றாம் சீசனில் ஓர் ஈயை மட்டும் வைத்து ஓர் எபிசோடு முழுவதையும் ஓட்டியதற்குக் காரணம் பணத் தட்டுப்பாடு. கதை நடக்கும் இடம் கலிபோர்னியாவிலிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்கு மாறியதும் அந்த மாநிலம் அளித்த வரித் தள்ளுபடியால்தான். எழுத்தையும் கணக்கையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டிய வேலைக்குத்தான் அங்கே 'ஷோரன்னர்' என்று பெயர்.

நம் ஊர்த் தொடர்களில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இந்த வட்டுகளில் பேசும் எழுத்தாளர்களில் பலருக்கும் தயாரிப்பாளர் என்ற பட்டம் இருப்பது அதனால் முதலில் குழப்பும். அங்கே அது எழுத்தாளரின் ஏணியில் உள்ள படிகளின் பெயர்: ஸ்டாஃப் ரைட்டராகச் சேர்பவர் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர், கோ-எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்று ஏறிக்கொண்டே போகிறார். சீசன்களை வரிசையாகப் பார்க்கும்போது தொடக்கப் பெயர்ப் பட்டியலைத் தாண்டாமல் விட்டால், ஒரே பெயருக்கு முன் பட்டம் மாறிக்கொண்டே வருவதைக் காணலாம். கதையைவிட இதை நான் ஆர்வமாகக் கவனித்தேன் என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

ஜெனிஃபர் ஹட்சிசன் உதவியாளராக இருந்து, மூன்றாம் சீசனில் தன் முதல் எபிசோடை எழுதி, இறுதி சீசனில் 'கன்ஃபெஷன்ஸ்' வரை வந்தார். அறையின் உதவியாளராக இருந்த கார்டன் ஸ்மித்துக்கு இந்தத் தொடரில் எழுத வாய்ப்பு வரவில்லை. ஆனால் கிளைத் தொடரான 'பெட்டர் கால் சால்' தொடரில் 2015இல் அவர் எழுதிய 'ஃபைவ்-ஓ' என்ற எபிசோடு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கனடாவில் நடனமும் நடிப்புமாக இருந்து எழுத்துக்கு வந்த மொய்ரா வாலி-பெக்கட், 'ஓசிமாண்டியஸ்' எபிசோடுக்காக 2014இல் எம்மி வென்று, பின் 'ஆன் வித் அன் ஈ' என்ற சொந்தத் தொடரை உருவாக்கினார். வேடிக்கைப் பேச்சில் முதல் விதையைப் போட்ட ஷ்னாஸ் மூன்றாம் சீசனில் வந்து சேர்ந்தார். சால் குட்மேன் முதன்முதலாக வரும் எபிசோடை எழுதிய பீட்டர் கூல்ட், கில்லிகனுடன் சேர்ந்து அதே பாத்திரத்துக்குத் தனித் தொடர் அமைத்து, 2022 வரை 63 எபிசோடுகள் நடத்தினார். ஒரு பாத்திரத்துக்கு எழுதிய சில பக்கங்கள் ஒருவருடைய வாழ்க்கையில் ஏழு ஆண்டு வேலையாக மாறிய கதை அது.

இவர்கள் இவ்வளவு வளர்ந்ததற்கு முக்கியமான காரணம், எபிசோடை எழுதியவரே ஆல்புகர்க்கிக்குப் போய்ப் படப்பிடிப்பு முடியும் வரை அங்கே இருக்க வேண்டும் என்று கில்லிகன் வைத்திருந்த வழக்கம். நடிகர் ஒரு வரியைச் சொல்ல மறுக்கும்போதும், வெளிச்சம் போய்விட்டால் எந்தக் காட்சியைக் குறைக்கலாம் என்று இயக்குநர் கேட்கும்போதும் பதில் சொல்லிப் பழகியவர்களே பின்னாளில் ஒரு தொடரைத் தாங்க முடிந்தது. கமெண்டரிகளில் எழுத்தாளர்கள் மணல்புயலையும் விமான இரைச்சலையும் அக்கறையோடு பேசுவதைக் கேட்கும்போது இந்தப் பயிற்சியின் தடம் தெரிகிறது.

இப்போது இதைக் கேட்பவருக்கு ஒரு வருத்தமும் சேர்ந்தே வரும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பெருகிய பிறகு, சில எழுத்தாளர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் அமர்த்திக் கதையை வாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அனுப்பிவிடும் 'மினி ரூம்' முறை பரவியது. 2023 மே 2 தொடங்கி 148 நாட்கள் நீண்ட எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில், அறையில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும், ஸ்ட்ரீமிங்கில் மறு ஒளிபரப்புக்காக எழுத்தாளர்களுக்குத் தரும் பங்குத்தொகை உயர வேண்டும் என்பதும் இடம்பெற்றன. ஒப்பந்தத்தில் இரண்டிலும் ஓரளவு முன்னேற்றம் கிடைத்தது. 'பிரேக்கிங் பேட்' தொடரே இன்னொரு வேலைநிறுத்தத்தின் நடுவே பிறந்ததுதான்: 2007 நவம்பர் 5 தொடங்கி 100 நாட்கள் நடந்த போராட்டத்தால் முதல் சீசன் ஏழு எபிசோடுகளோடு சுருங்கியது. இந்த வரலாற்றை வட்டுகளில் தேடினால் கிடைக்காது. ஊதியம், ஒப்பந்தம், சங்கம் போன்றவற்றைப் பற்றி ஒரு தனிப் பகுதி சேர்த்திருக்கலாம். நிறுவனம் வெளியிடும் தொகுப்பில் அதை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான் என்றாலும், குறை குறைதான்.

வேறு குறைகளும் உண்டு. கூடுதல் பகுதிகளில் ஒரு பெரும் பங்கு, ஒளிபரப்பின்போது விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட மூன்று நான்கு நிமிடத் துணுக்குகள். எல்லோரும் எல்லோரையும் புகழ்வதைத் தவிர அவற்றில் ஒன்றுமில்லை. கமெண்டரிகளிலும் நடிகர் கூட்டம் கூடிவிட்டால் எழுத்தாளரின் குரல் அமுங்கிப் போகிறது. 16 பக்கக் கையேட்டுக்குப் பதிலாக ஒரே ஓர் எபிசோடின் முழுத் திரைக்கதையை அச்சிட்டிருந்தால் மாணவர்களுக்கு அது மேலங்கியைவிடப் பயன்பட்டிருக்கும். ஆவணப்படம் இந்தக் குறைகளையெல்லாம் பெருமளவு ஈடுகட்டுகிறது. இறுதி எட்டு எபிசோடுகள் எழுதி, வாசித்து, படமாக்கி முடியும் வரை கேமரா கூடவே இருந்திருக்கிறது. நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கடைசிப் பிரதியை வாசிக்கும் பகுதியில், எழுதியவர்கள் தாளைப் பார்க்காமல் வாசிப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, வட்டு எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் காட்டும் வட்டாரக் குறியீடு. அமெரிக்காவுக்கான புளூ-ரே வட்டுகள் 'ஏ' வட்டாரத்தைச் சேர்ந்தவை; இந்தியா 'சி' வட்டாரத்தில் வருகிறது. எல்லா வட்டாரத்தையும் ஏற்கும் கருவி இல்லையென்றால், விற்பவரிடம் வட்டின் வட்டாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது. பழைய பிரதிகளில் நாணயமோ கையேடோ காணாமல் போயிருக்க வாய்ப்புண்டு. பீப்பாய் இல்லாத சாதாரணப் பெட்டி கிடைத்தால் அதுவே போதும். எழுத்தாளர்களின் பேச்சை மட்டும் கேட்க விரும்புபவர்களுக்குச் செலவில்லாத வழியும் உண்டு: படத்தொகுப்பாளர் கெல்லி டிக்சனும் கில்லிகனும் இரண்டாம் சீசன் முதல் ஒவ்வொரு எபிசோடுக்கும் எழுத்தாளர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் அழைத்து நடத்திய 'பிரேக்கிங் பேட் இன்சைடர்' பாட்காஸ்ட் இலவசம். சிரிப்பும் வளவளப்பும் அதிலும் உண்டு என்றாலும், நிதானமாகப் பேச இடம் இருப்பதால், கமெண்டரியில் பாதியில் அறுந்துபோகும் பல செய்திகள் அங்கே முழுமையாகக் கிடைக்கின்றன. அதை முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஆவணப்படத்துக்காக இந்தத் தொகுப்பை வாங்கலாம்.