ரெகே, ஸ்கா, டப் மறுவெளியீடுகள்: பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தபின்

லண்டனுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிள் ஒன்று மலிவாகக் கிடைத்ததால்தான் இசைத்தட்டு சேர்க்கும் பழக்கம் எனக்குத் தொற்றியது. இன்று அலமாரியில் முந்நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி ரெகே, ஸ்கா, டப் மறுவெளியீடுகள். ரெகேயும், அதற்கு முந்தைய ஸ்காவும், பதிவான பாட்டிலிருந்து குரலையும் கருவிகளையும் எடுத்தும் எதிரொலி சேர்த்தும் செய்யும் டப்பும் ஜமைக்காவின் இசைவகைகள். மீதியில் பெரும்பகுதி புதிய வெளியீடுகள். ஓர் இருபது மட்டும் அந்தக் காலத்திலேயே ஜமைக்காவில் அச்சான ஏழு அங்குலத் தட்டுகள். எல்லாவற்றையும் அதே டர்ன்டேபிளில், ஆர்ட்டோஃபான் 2எம் ப்ளூ ஊசியை 1.8 கிராம் அழுத்தத்தில் வைத்துக் கேட்டு வருகிறேன். ஊசி மூன்று முறை மாறியிருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை. ஆகவே கீழே சொல்லும் வேறுபாடுகள் தட்டுகளுடையவை என்று ஓரளவு நம்பிக்கையுடன் சொல்ல முடிகிறது.

உறையின் மேல் ஒட்டியிருக்கும் ‘180 கிராம்’ என்ற வில்லையைப் பார்த்து முதல் சில ஆண்டுகள் நிறையப் பணம் செலவழித்தேன். கனமான தட்டு கையில் எடுக்கும்போது மதிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கேட்கும் ஒலிக்கும் அந்தக் கனத்துக்கும் உள்ள தொடர்பு என் காதுக்கு இன்றுவரை எட்டவில்லை. உண்மையில் பார்க்கவேண்டியது, அந்த ஒலி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை. ரெகேயைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு மற்ற இசைவகைகளில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கிங்ஸ்டனில் 1960களிலும் 70களிலும் ஒலிநாடா விலையுயர்ந்த பொருள். ஒரு பாட்டு சந்தைக்குப் போய்விட்டால் அதே நாடாவின் மேல் அடுத்த பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். மிஞ்சியவற்றிலும் பல வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டன. இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரியின் பிளாக் ஆர்க் ஸ்டுடியோ தீக்கிரையே ஆயிற்று. எனவே மறுவெளியீடு செய்பவர்கள் பல நேரங்களில் மூல நாடாவைத் தேடிக் களைத்து, கடைசியில் நல்ல நிலையில் உள்ள பழைய தட்டு ஒன்றை ஓட்டி, அதிலிருந்தே ஒலியை எடுக்கிறார்கள்.

அதில் தவறில்லை. பழைய தட்டின் சடசடப்பை நீக்குகிறோம் என்று கணினியில் ஒலியைத் துடைத்தெடுக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் ராக்ஸ்டெடி (ஸ்காவுக்கும் ரெகேவுக்கும் இடைப்பட்ட இசை) தொகுப்பு ஒன்றை வாங்கிய மாதத்தில் அதன் அமைதியைக் கண்டு வியந்தேன். பின்னணியில் துளி இரைச்சல் கிடையாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஏனோ கை அந்தத் தட்டின் பக்கமே போகவில்லை என்பது தெரிந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் மூன்று பவுண்டுக்கு வாங்கிய ஜமைக்கா ஏழு அங்குலத் தட்டு ஒன்றில் அதே தொகுப்பின் பாட்டு இருந்தது. கீறலும் பொரிச்சலுமாக ஓடிய அந்தத் தட்டில் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸின் இணைத்தாளம், உயிரோடு இருந்தது. தாளத்தின் இடைவெளியில் கிட்டார் வெட்டிவிட்டுப் போகும் அந்தக் குட்டித் தட்டல், நுனிக்கூர்மையோடு வந்தது. மறுவெளியீட்டில் அதே தட்டல் துணியைப் போர்த்தியதுபோல் மழுங்கியிருந்தது. சடசடப்பும் ஹை-ஹாட்டும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில் வாழ்பவை. ஒன்றை விரட்டினால் மற்றதும் போய்விடும். ரெகேயில் பாட்டை முன்னே தள்ளுவதே அந்தத் தட்டல்தான் என்பதால், அது மழுங்கியபின் பாட்டு நடக்கிறதே தவிர, ஆடுவதில்லை.

மாறாக, இரைச்சலை அப்படியே விட்டுவைத்த நல்ல மறுவெளியீட்டுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது காங்கோஸ் குழுவின் ‘ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்’. 1977இல் பிளாக் ஆர்க்கில் உருவான இந்தத் தட்டை ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிடாமல் விட்டுவிட்டது. 1996இல் மான்செஸ்டரின் ப்ளட் அண்ட் ஃபயர் நிறுவனம் மறுவெளியீடு செய்த பின்னரே உலகம் அதைச் சரியாகக் கேட்டது. பெர்ரியிடம் இருந்தது நான்கு தட டியாக் நாடாக்கருவி. நான்கு தடங்களும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து குறைந்த தடங்களுக்கு மாற்றி, காலியான தடங்களில் மேலும் குரல்களையும் தாளக்கருவிகளையும் சேர்ப்பார்; ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சலும் ஒரு படலம் கூடும். அந்தப் படலங்களுக்கு அடியிலிருந்து, மாடு கத்துவதுபோன்ற அவருடைய பிரசித்தமான ஓசை எழும்போது, நீராவி படிந்த கண்ணாடிக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். அந்த ஆவியைத் துடைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ப்ளட் அண்ட் ஃபயர் பதிப்பு இன்று பழைய தட்டுச் சந்தையில் எட்டாத விலைக்குப் போய்விட்டது. 2017இல் வீபி நிறுவனத்தார் மூன்று தட்டுகளாகக் கொண்டுவந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பைத்தான் நான் அதிகம் ஓட்டுகிறேன். ஏழெட்டு ஆண்டுகளில் எந்தப் பக்கமும் தேய்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது, ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் அடைத்திருக்கிறார்கள் என்பது. தாழ்ந்த ஒலிக்குத் தட்டில் அகலமான வரி (ஊசி ஓடும் பள்ளம்) வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு நிமிடம் என்றால் பேஸ் கிட்டார் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். இருபத்தேழு நிமிடம் என்றால் ஒலியைக் குறைத்து, பேஸைச் சுருக்கித்தான் அடைக்க முடியும். பழைய ரெகே தட்டுகள் பெரும்பாலும் இரு பக்கமும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டாதவை. அந்த அளவு தற்செயலாக அமைந்ததோ என்னவோ, அவற்றுக்கு அழகாகப் பொருந்தியது. ‘கூடுதலாக ஆறு பாட்டுகள்’ என்று அதே ஒற்றைத் தட்டில் திணித்த மறுவெளியீடுகள் என்னிடம் நான்கு உண்டு. நான்கும் ஒல்லியாகவே ஒலிக்கின்றன. இதற்கு நேர்மாறு ஜமைக்கப் பாடகர் ஹொரேஸ் ஆண்டியின் ‘டான்ஸ் ஹால் ஸ்டைல்’. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் லாயிட் பார்ன்ஸ் நடத்திய வாக்கீஸ் ஸ்டுடியோவில் உருவாகி 1982இல் வெளிவந்த அந்தத் தட்டில் மொத்தமே ஆறு பாட்டுகள்தாம். பாட்டு முடிந்ததும் அதன் டப் வடிவம் அதே மூச்சில் தொடரும். பெர்லினில் டெக்னோ இசை செய்துகொண்டிருந்த மார்க் எர்னஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 2000களில் வாக்கீஸ் தட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி கொண்டுவந்தபோது, கூடுதல் பாட்டு எதையும் ஒட்டாமல் விட்டது பெரிய உபகாரம். இரவில் இதை ஓட்டினால் தரைப்பலகை வழியாகப் பாதத்துக்குப் பேஸ் ஏறும். கீழ்வீட்டாரோடு நல்லுறவு வேண்டுமென்பதால் ஒன்பது மணிக்குமேல் ஓட்டுவதில்லை.

டப் தட்டுகளுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. ஒலிப்பொறியாளர் கிங் டபி, கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் தம் வீட்டின் சிறிய அறையில் செய்ததை எளிமையாகச் சொன்னால், இருப்பதை எடுத்துவிடுவது. குரல் பாதி வார்த்தையில் மறையும், கிட்டார் போகும், பிறகு டிரம்ஸும் போய், எதிரொலி மட்டும் தேய்ந்துகொண்டே வெற்றிடத்தில் இறங்கும். ராக் இசைத்தட்டில் மோசமான அச்சைக் கிட்டார்ச் சத்தம் மறைத்துவிடும்; டப்பில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தில் ‘டிக், டிக்’ என்று ஒரு கீறல் கேட்டால், டபி போடாத தாளத்தை அச்சுக்கூடம் போட்டதாக ஆகிவிடும். எனவே டப் தட்டு வாங்கியதும் முதலில் அந்த இறங்குமிடங்களைத்தான் கேட்கிறேன்.

நடுத்துளை சரியாக நடுவில் இல்லாத குறை இன்னும் தொல்லை தருவது. அகஸ்டஸ் பாப்லோவின் ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ (1976) தட்டின் மறுபதிப்பு ஒன்றை வாங்கியபோது, மெலோடிகா (வாயால் ஊதியபடி கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவி) நீட்டிப் பிடிக்கும் சுரம் ஏறி இறங்கி அலைவதைக் கேட்டேன். பாப்லோவின் பாணியோ என்றுகூட நினைத்தேன். தலையைத் தாழ்த்தித் தட்டின் மட்டத்தில் பார்த்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி தாங்கும் கை இடமும் வலமுமாக ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. துளை அரை மில்லிமீட்டர் விலகினாலே போதும். டிரம்ஸில் தெரியாது, மெலோடிகா போன்ற நீளச் சுரங்களில் தலைவலியே வந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்த தட்டிலும் அதே ஆட்டம். மூன்றாவது தட்டுதான் தேறியது. இதில் ஜமைக்கா ஏழு அங்குலத் தட்டுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவற்றின் துளை பெரிது. நடுவில் ஓர் அடாப்டர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். என்னுடைய அடாப்டர் துளையைவிட ஒரு மயிரிழை சிறியது என்பதால், தட்டை விரல் நுனியால் சற்றே நகர்த்தி, ஆட்டம் நின்ற இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிடுவேன். பன்னிரண்டு அங்குலத் தட்டில் இந்தத் தந்திரம் செல்லாது.

ஸ்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, வாங்கியவை குறைவு. ஸ்கட்டலைட்ஸ் குழு 1964இல் தொடங்கி மறு ஆண்டிலேயே கலைந்துவிட்டது. அந்தக் காலப் பதிவுகள் ஒற்றைத் தட ஒலியில், அதாவது மோனோவில் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையரில் ‘மோனோ’ பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்டால் பொரிச்சலில் பாதி அடங்கிவிடும். இதை அறியாமலே நான் மூன்று ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் பெரிய தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடும் வரி, லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ட்ராம்போனும் சாக்ஸஃபோனும் சேர்ந்து முழங்கும் பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைத்தால் அது கரகரக்கத்தான் செய்யும். ஸ்காவை ஏழு அங்குலத்தில், 45 வேகத்தில் கேட்பதே சரி என்று தோன்றுவதால், டோக்கியோவின் டப் ஸ்டோர் நிறுவனத்தின் மறுபதிப்புகளை ஒன்றிரண்டாகச் சேர்க்கிறேன்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அழகாகத் தெரியட்டும் என்று நாற்பது தட்டுகளைக் கனமான, வாசனை அடிக்கும் பிவிசி உறைகளில் போட்டுவைத்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்தபோது சில தட்டுகளின் மேல் வெண்மையான மூடுபனி படிந்திருந்தது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் கசிந்து வினைலைத் தாக்கியிருக்கிறது. எத்தனை முறை கழுவியும் அந்தப் பனி போகவில்லை. அந்த இடம் வந்ததும் மழை பெய்வதுபோன்ற இரைச்சல் கேட்கிறது. பதினொரு தட்டுகள் வீணாயின. இப்போது வெளியே சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறை, உள்ளே காகிதத்துக்குப் பதில் மெல்லிய பாலித்தீன் உறை. இரண்டும் சேர்ந்து தட்டுக்கு அரைப் பவுண்டுகூட ஆகாது.

புதிய வெளியீடுகளில் மனம் நின்றவை பெரும்பாலும் பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட்டின் ஆன்-யூ சவுண்ட் நிறுவனத்திலிருந்து வந்தவை. லீ பெர்ரியின் இயற்பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘ரெய்ன்ஃபோர்ட்’ (2019), ஹொரேஸ் ஆண்டி எழுபது வயதைக் கடந்தபின் பாடிய ‘மிட்நைட் ராக்கர்’ (2022), அதே ஆண்டில் அதன் டப் துணைத்தட்டாக வந்த ‘மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்’ ஆகியவை வீட்டில் வாரம் ஒருமுறையாவது ஓடும். புதிய பதிவுகளின் பேஸ் பழையதைவிட ஒரு மாடி ஆழம். என் சிறிய ஸ்பீக்கரில் அதன் அடித்தளம் முழுதாகக் கேட்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கிரியேஷன் ரெபல் குழுவின் ‘ஹோஸ்டைல் என்விரன்மென்ட்’ (2023) தட்டின் தலைப்பு, குடியேறிகள் மீதான பிரிட்டிஷ் அரசுக் கொள்கையின் பெயர். விசா புதுப்பிக்கும் படிவங்களை நிரப்பியபடி அதைக் கேட்டவன் என்பதால், அந்தத் தட்டைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது.

விலை ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் பதினான்கு பவுண்டுக்கு வாங்கிய அதே வகைத் தட்டு இன்று இருபத்தாறு, இருபத்தெட்டு. 2021 முதல் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரியும் தனி. ஆகவே இப்போது வாங்குவதற்குமுன், லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எண்ணையும் எழுத்துகளையும் படித்துவிடுகிறேன். அது பழைய பதிப்பில் உள்ளதேதான் என்றால், பெரும்பாலும் அதே மாஸ்டரிலிருந்து (அச்சுக்கு ஆதாரமான மூலத்திலிருந்து) மறுபடி அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். சென்ற ஆண்டு, ‘புதிய சிறப்புப் பதிப்பு’ என்று பச்சை, மஞ்சள், சிவப்பு தெளித்த தட்டு ஒன்றை இந்தச் சோதனை செய்யாமல் ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். வீட்டில் விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால், ஏற்கெனவே என்னிடமிருந்த கறுப்புத் தட்டின் எழுத்துகளே வளைந்து வளைந்து அதிலும் இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். நிறத்துக்கு ஒன்பது பவுண்டு கூடுதல்.