“பத்து வருஷம் ஆகலை, பென்ஷன் வராது” என்று யாராவது சொன்னால்

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர் பேர் போடாதே, மில் பேர் போடாதே, பென்ஷன் எவ்வளவு வருகிறது என்று போடாதே, இந்த மூன்றும் அவள் நிபந்தனை. மற்றதை நடந்தபடி எழுதிக்கொள் என்றாள்.

மாமா 2025 பிப்ரவரியில் இறந்தார். வயது 41. திருப்பூர் வட்டாரத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெரியவள் பிளஸ் ஒன், சின்னவன் எட்டாவது. மில்லில் சேர்ந்து ஆறு வருஷம் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஆறு வருஷக் கணக்கை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். டைம் ஆபீஸில் இருந்தவர் நன்றாகத்தான் பேசினார். “பி.எஃப். பேப்பரெல்லாம் நமக்கு ஒத்துவராது தம்பி, ஒரு எழுத்து தப்பினாத் திருப்பி அனுப்பிருவாங்க. இவரைப் பாருங்க, நம்ம ஆளுதான்” என்று மேஜை டிராயரைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். டிராயருக்குள் அந்தக் கார்டு ஒரு கட்டே இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

கார்டில் இருந்தவருக்குப் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு அறை. பான் கார்டு, ஆதார் திருத்தம், பி.எஃப். என்று வாசலில் போர்டு. அக்காவை “வாங்கம்மா, உக்காருங்க” என்று மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். ஃபைல் செலவு என்று 3,000 ரூபாய் வாங்கினார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கேட்டார். அப்புறம் ஒரு ஃபாரத்தை நீட்டினார். ஒரு எழுத்துகூட நிரப்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலில் சின்னச் சின்னதாகப் பெருக்கல் குறி. அக்கா ஒவ்வொரு குறியாகத் தேடிப் போட்டுக்கொண்டே போனாள். கடைசியில் இரண்டு காசோலை கேட்டார், தொகை எழுதாமல், கையெழுத்தோடு. “பணம் வந்தப்புறம் நம்ம கமிஷனுக்கு. பதினஞ்சு பர்சன்ட். வரலைன்னா கிழிச்சுப் போட்டுடலாம்.”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் எனக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள், பதினோரு வருஷமாக. அந்தப் பணம் எங்கே போகிறது, எப்படிப் பிரிகிறது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அதனால் நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் கடைசியில் 1,82,000 ரூபாய் அக்கா கணக்கில் ஏறியது. இரண்டாம் நாள் முதல் காசோலை போய் 27,300 கழிந்தது. சரி, பேசியபடிதானே என்று விட்டுவிட்டோம். பென்ஷன் பற்றிக் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: “பத்து வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான்மா பென்ஷன். உங்க வீட்டுக்காரருக்கு ஆறுதானே ஆச்சு. அது வராது.”

நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் ஆமாம் பத்து வருஷம்தான் என்றார்கள். எங்கள் கம்பெனி சூபர்வைசர்கூட அதையேதான் சொன்னார். இந்தப் பொய் இவ்வளவு சுலபமாக நிற்பதற்குக் காரணம், அதில் பாதி உண்மை என்பதுதான்.

ஆகஸ்டில் அந்தக் கார்டுக்காரரே போன் செய்தார். இன்சூரன்ஸ் பணம் ஒன்று இருக்கிறதாம், சாதாரணமாக யாருக்கும் கிடைக்காதாம், உள்ளே அவருக்கு ஆள் இருக்கிறதாம். “அஞ்சு லட்சத்துக்கு மேல வரும் தம்பி. ஆனா இதுக்கு இருபது பர்சன்ட். மேல வரைக்கும் குடுக்கணும்.” அந்த ‘மேல வரைக்கும்’ என்ற வார்த்தைதான் எனக்கு இடித்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்காவோடு நேராகப் பி.எஃப். அலுவலகத்துக்கே போய்விட்டேன். பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

விசாரணைக் கவுன்ட்டரில் ஒரு அம்மா இருந்தார். மாமாவின் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பென்ஷனுக்கு ஏன் போடலை?” என்றார். பத்து வருஷம் ஆகவில்லையே மேடம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பத்து வருஷம் உயிரோட இருக்கறவங்களுக்கு. வேலையில இருக்கும்போதே இறந்துட்டா ஒரு மாசம் கட்டியிருந்தாப் போதும்.”

அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி, ஏப்ரலில் போன ஃபாரத்தைக் காட்டினார். இறந்தவர் குடும்பத்துக்கென்று ஒரே கூட்டு விண்ணப்பம்தான். பி.எஃப். பணம், பென்ஷன், இன்சூரன்ஸ் மூன்றும் அந்த ஒரே தாளில் கேட்கலாம். முன்பு தனித்தனியாக இருந்த 20, 10டி, 5ஐ.எஃப். என்ற மூன்று ஃபாரங்களையும் சேர்த்து ஒன்றாக்கியதே அதுதான். எங்கள் தாளில் பி.எஃப். கட்டத்தில் மட்டும் டிக். மற்ற இரண்டும் காலி. பிற்பாடு தனித்தனி வேலையாகக் காட்டித் தனித்தனிக் கமிஷன் வாங்கத்தான் அவற்றை விட்டுவைத்திருக்கிறார். கீழே அக்காவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் மொபைல் எண் என்ற இடத்தில் அந்த ஆளின் எண். என் போனில் அவர் பெயரைத் தேடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதேதான். அலுவலகத்திலிருந்து போன எல்லா மெசேஜும் அவருக்குத்தான் போயிருக்கிறது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

சம்பளத்தில் நம் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். நம்முடையது முழுக்கப் பி.எஃப். கணக்குக்கு. முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது, மீதி 3.67 பி.எஃப்.க்கு. மாமாவுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000. அப்படியானால் மாதம் 1,166 ரூபாய் பென்ஷனுக்கென்றே போய்க்கொண்டிருந்தது. 1995 நவம்பரில் வந்த இந்தப் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினர் தனக்கு மாதாமாதம் பென்ஷன் வாங்கத்தான் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு அந்தக் கணக்கே கிடையாது. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், சம்பளத்தைப் பொறுத்துக் கூடும். அதுபோகக் குழந்தைகளுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை, தாயின் பென்ஷனில் தலா 25 சதவீதம், 25 வயது ஆகும்வரை. தாயும் இல்லாவிட்டால் அது 75 சதவீதமாகும். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி. மறுமணம் செய்துகொண்டால் தாயின் பென்ஷன் நின்றுவிடும், ஆனால் குழந்தைகளுடையது நிற்காது. மனைவி இறந்தால் கணவருக்கும் இப்படியே உண்டு.

பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். ஆயிரம் ரூபாய்க்கு இன்று என்ன வரும்? ஆனால் இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்தே அது சேர்ந்துகொண்டிருக்கிறது, எப்போது விண்ணப்பித்தாலும் நிலுவையோடு வரும். அந்த ஆள் பென்ஷனை அப்படியே கிடப்பில் போட்டதும் அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நிலுவை ஏற ஏற அவர் சதவீதமும் ஏறும்.

இன்சூரன்ஸ்தான் பலருக்குத் தெரியாத விஷயம். இ.டி.எல்.ஐ. என்பார்கள். இதற்கான 0.5 சதவீதத்தை முதலாளியே கட்டுகிறார், நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தமாக வராததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கணக்கு இதுதான்: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம் இன்டு 35, அதோடு பி.எஃப். கணக்கின் சராசரி இருப்பில் பாதி. சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு, இருப்பில் பாதி என்பதற்கு 1,75,000 உச்சவரம்பு, மொத்தம் ஏழு லட்சத்தைத் தாண்டாது. மாமாவுக்கு 14,000 இன்டு 35, நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இருப்பில் பாதி 84,000. ஆக 5,74,000. யாருக்கும் கிடைக்காத பணம், மேலிடத்துப் பணம் என்று அவர் சொன்னதெல்லாம் ஃபாரத்தில் ஒரு டிக் அடித்தால் வந்திருக்கும்.

இதில் எங்கேயும் அலுவலகத்துக்குக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நாங்கள் அன்றே பேனா இரவல் வாங்கி, பென்ஷனுக்கும் இன்சூரன்சுக்கும் எழுதினோம். மொபைல் எண்ணை அக்கா தன் கையாலேயே எழுதினாள். ஆதாரில் மாமாவின் இனிஷியல் முன்னால், பி.எஃப். பதிவில் பின்னால். அதைச் சரிசெய்ய மில்லின் கையெழுத்து வேண்டியிருந்தது, இரண்டு நடை நடந்தோம். டைம் ஆபீஸ்காரர் இந்தத் தடவை டிராயரைத் திறக்கவில்லை.

திரும்ப வரவே வராமல் போனது ஒன்று உண்டு. மாமாவுக்கு இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்கள். அதில் இருக்கும் தொழிலாளி இறந்தால் இறுதிச் சடங்குச் செலவுக்கு இ.எஸ்.ஐ.யில் 15,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள். வேலையில் விபத்து என்றில்லை, எப்படி இறந்தாலும் உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தபோது ஏழாவது மாதம். மாமாவை எடுக்கும்போது தெருவில் கடன் வாங்கித்தான் எடுத்தோம், அந்தத் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு 27,300ஐவிட இந்தப் பதினைந்தாயிரம் எரிகிறது. (வேலையிடத்து விபத்தில் இறந்திருந்தால் இ.எஸ்.ஐ.யில் சார்ந்தோர் பலன் என்று தனியாக மாதத் தொகையே உண்டு, சம்பளத்தில் 90 சதவீதத்தைக் குடும்பத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். எங்களுக்கு அது பொருந்தாது.)

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். “நீங்களே கையெழுத்துப் போட்டுச் செக் குடுத்திருக்கீங்களே” என்றார்கள். தப்பில்லை, அதுதானே உண்மை. ஆனாலும் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். அந்த ரசீதை போட்டோ எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பியதும் ஒரிஜினல் சான்றிதழ்கள் வந்துவிட்டன, யாரோ ஒரு பையன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டாவது காசோலை மட்டும் வரவில்லை. தொலைந்துவிட்டதாம். நல்லவேளையாக மிச்சமிருந்த செக் புத்தகத்தில் எண்ணைக் கணக்குப் பார்த்து, அதை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்து, பேப்பர் வேலை உங்கள் தலையில் விழுந்தால், அலுவலகத்துக்கே போய்விடுங்கள். பயமாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறார்கள், அங்கே போகலாம். இணையத்திலும் புகார் போடலாம், நான் போட்டேன், பதில் வந்தது. எழுதத் தெரியாது என்று யாரிடமாவது எழுதச் சொன்னாலும் சரி, வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வேண்டாம், மொபைல் எண் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள், கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வர ஆரம்பித்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதற்கும் ஐந்நூறு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம், செலவில்லை.

அக்டோபரில் இன்சூரன்ஸ் பணம் 5,74,000 வந்தது. பென்ஷன் ஆணை நவம்பரில், நிலுவையோடு. பெரியவள் பிளஸ் டூவுக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.

இன்சூரன்ஸ் பணம் ஏறிய மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு மெசேஜ். தொலைந்துபோன காசோலை வந்திருக்கிறது, நிறுத்திவைத்த காரணத்தால் திருப்பப்பட்டது என்று. தொகை 1,14,800. நான் போனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன், 5,74,000க்குச் சரியாக இருபது பர்சன்ட். எவ்வளவு வந்தது என்று நாங்கள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட மில்லுக்குத்தான் தெரியும்.