இரண்டு நாளில் நிறுவித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாந்த கதை

எங்கள் அலுவலகத்துக்கு ஈஆர்பி மென்பொருள் (கணக்கு, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிப்பது) நிறுவ வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பெயர் வேண்டாம். வந்தவர் இரண்டே நாளில் உள்நுழைவுத் திரையைக் காட்டிவிட்டார். வேலை சரியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போட்ட புத்திசாலி நான்தான்.

நான்கு பேர் மூன்று நாள் உட்கார்ந்து வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் உள்ளிட்டார்கள். சேமித்ததைத் திரும்பத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் பில்லை அச்சிட்டால், பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்! தொலைபேசியில் கேட்டால் எழுத்துருக் கோளாறு என்றார்கள். புது எழுத்துரு போட்டார்கள். கேள்விக்குறிகள் முன்பைவிட அழகாக அச்சாயின.

கோளாறு அடித்தளத்திலேயே இருந்தது. உள்ளிடும் விவரங்களை எல்லாம் இந்த மென்பொருள் ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் சேமிக்கிறது. அதை உருவாக்கும்போதே எழுத்துத் தொகுப்பை, அதாவது எந்தெந்த மொழி எழுத்துகளைச் சேமிக்கலாம் என்பதை, தேர்ந்தெடுத்துவிட வேண்டும். தமிழுக்கு, உலக மொழிகளின் எழுத்துகளை அடக்கிய யூனிகோடு வேண்டும். ஆரக்கிளில் அதன் பெயர் ஏஎல்32யூடிஎஃப்8. நிறுவ வந்தவரோ வேறு யாருக்கோ செய்துகொடுத்த பழைய டெம்ப்ளேட்டை (தயார் அமைப்பை) அப்படியே ஓட்டியிருக்கிறார். அதில் இருந்தது மேற்கு ஐரோப்பியத் தொகுப்பு. அந்தத் தொகுப்பில் இல்லாத எழுத்து உள்ளே போகும்போதே கேள்விக்குறியாகிவிடும். அசலை மீட்க வழியே இல்லை. மூன்று நாள் உழைப்பும் குப்பைக்குப் போயிற்று.

திருத்தித் தரச் சொன்னால், அது கூடுதல் வேலையாம், தனிக் கட்டணமாம். ஏற்புச் சான்றை எடுத்துக் காட்டினார்கள். வேறு வழியின்றிக் கட்டினோம்.

புதுத் தரவுத்தளம் வந்தது. "கிருஷ்ணமூர்த்தி" என்று உள்ளிட்டால் பிழைச்செய்தி! பெயரை உள்ளிடும் கட்டத்தின் நீளம் 30 பைட் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் அளவு). யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் புள்ளி, துணைக்குறி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். அந்தப் பெயரில் 15 குறிகள், ஆக 45 பைட். நீளத்தை பைட்டுக்குப் பதிலாகக் குறிகளின் எண்ணிக்கையில் வைக்கவும் ஆரக்கிளில் வழி உண்டு. அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போடுமுன் உங்கள் மொழியில் நீளமான பெயர் ஒன்றை உள்ளிட்டு, சேமித்து, வெளியேறி, மீண்டும் திறந்து, அச்சிட்டும் பாருங்கள். பத்து நிமிட வேலை. காப்புப்பிரதியை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற நிறுவல் ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நாங்களும் கேட்டோம், ஒரு மாதம் கழித்து. வந்த ஆவணத்தின் முகப்பில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது.